மாதக் கட்டணத்துக்குக் கரண்ட், நீராவி, காற்று: நம்ம பக்கம் யாராவது எடுத்திருக்கிறீர்களா?

பெருந்துறை_பிராசஸிங்

வணக்கம்ங்க. பெருந்துறைப் பக்கம் ஒரு சின்ன துணி பிராசஸிங் யூனிட் நடத்துகிறோம். சாயம், ஸ்டென்டர் (துணியை விரித்துக் காயவைக்கும் மெஷின்), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அமுக்குவது) மூன்றும் உள்ளேயே. ஹெச்.டி. (உயரழுத்த மின்) இணைப்பு, ராத்திரி ஷிப்டும் உண்டு.

கொஞ்ச நாளாக வெவ்வேறு கம்பெனிக்காரர்கள் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். ஒருவர் கூரையில் சோலார் போட்டுத் தருகிறேன் என்கிறார். முதல் முழுக்க அவருடையது, யூனிட்டுக்கு 4.50 ரூபாய், ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறும், 20 வருட ஒப்பந்தம். இன்னொருவர் எங்கள் பழைய பாய்லரை ஓரம் கட்டிவிட்டுத் தன் பாய்லரை வைத்து, நீராவியை டன் கணக்கில் விற்கிறேன் என்கிறார். மூன்றாமவர் கம்ப்ரசரை அவரே வைத்து, காற்றுக்குக் கன மீட்டர் கணக்கில் பில் போடுவாராம்.

அப்பாவுக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அவர் காலத்து ஆட்கள் பல்லடம், உடுமலைப் பக்கம் சொந்தமாகக் காற்றாலை போட்டவர்கள். "நம்ம இடத்தில அடுத்தவன் சாமான் எதுக்கு?" என்பது அவர் வாதம். எனக்கோ வங்கி லிமிட் முழுவதும் கெமிக்கலிலும் பார்ட்டி பாக்கியிலும் மாட்டிக் கிடக்கிறது. புதிதாகக் கடன் வாங்கினால் மெஷினுக்கு வாங்குவதா, கரண்டுக்கு வாங்குவதா என்பதுதான் என் கேள்வி.

எடுத்தவர்கள், எடுத்துவிட்டு விட்டவர்கள், இதே தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

---

ஈரோடு_கணக்கு

தம்பி, நான் ஆடிட் பார்க்கும் யூனிட்களில் இந்த ஒப்பந்தம் வருடா வருடம் கூடிக்கொண்டுதான் வருகிறது. அதனால் முதலில் எண்ணிலிருந்து ஆரம்பிப்போம்.

அவர்கள் கொடுத்த தாளில் "நீங்கள் இப்போது யூனிட்டுக்கு 9 ரூபாய் கட்டுகிறீர்கள், நாங்கள் 4.50-க்குத் தருகிறோம், பாதிக்குப் பாதி மிச்சம்" என்கிற மாதிரி ஒரு பக்கம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். மொத்த பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வந்த எண் அது. அதை ஒப்பிடக் கூடாது.

ஹெச்.டி. பில்லில் டிமாண்ட் சார்ஜ், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச லோடுக்கான கட்டணம், தனி. 2022 செப்டம்பர் மின் கட்டண உத்தரவில் அது கே.வி.ஏ.வுக்கு 350-இலிருந்து 550 ரூபாய் ஆனது, அதற்கப்புறமும் ஏறியிருக்கிறது. ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், அல்லது அந்த மாதம் பதிவான உச்சம், எது அதிகமோ அதற்குக் கட்டியாக வேண்டும். ராத்திரி ஷிப்ட் ஓடுகிற உங்களுக்கு சோலார் போட்டாலும் அந்தத் தொகை குறையாது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்டென்டர் முழு லோடில் ஓடும்போது பேனல் தூங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது பீக் அவர். காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10, இந்த நேரங்களில் யூனிட் கட்டணத்தின் மேல் 25 சதவீதம் கூடுதல். மாலைப் பீக்கில் சோலாரால் ஒன்றும் கிடைக்காது, காலைப் பீக்கில் கடைசி ஒன்றரை இரண்டு மணி நேரம்தான் உருப்படியாகக் கிடைக்கும்.

ஆக, சோலார் உங்களுக்கு மிச்சப்படுத்துவது பகல் நேரத்து யூனிட் கட்டணத்தை மட்டும். 2022 உத்தரவில் அது 6.75 ரூபாய், இப்போது ஏழைத் தாண்டிவிட்டது. 4.50-ஐ இந்த ஏழோடு ஒப்பிடுங்கள். அதிலும் கூரை சோலாருக்கு ஈ.பி. போடும் நெட்வொர்க் சார்ஜ் யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். பெரும்பாலும் நீங்கள்தான். சிறு குறு தொழில்கள் 2023-இல் கடையடைத்துப் போராடிய பிறகு அவர்களுக்கு அதைப் பாதியாக்கினார்கள், ஆனால் உங்கள் இணைப்புக்கு எது பொருந்தும் என்று பில்லை வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

3 சதவீத ஏற்றத்தையும் கடைசி வருடம் வரை போட்டுப் பாருங்கள். 4.50 ரூபாய் 20-ஆம் வருடத்தில் 7.89 ஆகிறது. பேனலின் உற்பத்தி வருடத்துக்கு அரை சதவீதமாவது குறைந்துகொண்டே வரும் காலத்தில் விலை ஏறிக்கொண்டே போகிறது.

சொந்தமாகப் போட்டால் என்ன? 100 கிலோவாட், 45 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நம்ம வெயிலுக்கு ஒரு கிலோவாட் வருடத்துக்குச் சுமார் 1,450 யூனிட் தரும். மொத்தம் 1.45 லட்சம் யூனிட், ஏழு ரூபாய் என்றால் 10 லட்சத்துக்குச் சற்று மேல். வாடகைக்கு எடுத்தால் அதில் ஆறரை லட்சம் கம்பெனிக்குப் போய், மூன்றரை லட்சம் உங்களுக்கு மிஞ்சும், நெட்வொர்க் சார்ஜ் போக. சொந்தம் என்றால் வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம் உங்களுக்கு. வாடகை என்றால் அந்தத் தேய்மானம் அவர்களுக்கு. அவர்கள் உங்கள் கூரையைத் தேடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

சூரியகூரை

நான் கோயம்புத்தூரில் இதே சோலார் தொழிலில் வேலை பார்க்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம்.

ஈரோடு ஐயா சொன்ன கணக்கு சரி. எங்கள் ஆட்கள் சராசரி யூனிட் விலையைப் போட்டுக் காட்டுவது எனக்கும் பிடிப்பதில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் நியாயம் ஆகாது. 3 சதவீதம் ஏறுகிறது என்கிறீர்கள், ஈ.பி. கட்டணம் அப்படியே நிற்கிறதா? 2022-க்குப் பிறகு எத்தனை முறை ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும்.

சொந்தமாகப் போட்ட மில்களுக்கு நான் சர்வீஸுக்குப் போகிறேன். பஞ்சுத் தூசி படிந்து பேனல் மேல் ஒரு போர்வை மாதிரிக் கிடக்கும். யாராவது நினைவு வந்து கழுவுவார்கள், அதுவும் போர்வெல் உப்புத் தண்ணீரில். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். அப்புறம் அது எளிதில் போகாது. இன்வெர்ட்டர் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டி வரும், அதற்குப் பணம் ஒதுக்கி வைத்தவர்கள் குறைவு. யூனிட் கணக்கில் விற்கிற கம்பெனிக்கு ஒவ்வொரு யூனிட்டும் வருமானம், அதனால் அவர்கள் நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள், ஒரு ஸ்ட்ரிங் (வரிசையாக இணைத்த பேனல்கள்) போனால் அன்றைக்கே ஆள் அனுப்புகிறார்கள். நான் பார்த்தவரை ஒரே அளவுள்ள இரண்டு கூரைகளில் பராமரிப்பு இருக்கிற கூரைதான் முந்துகிறது.

பெருந்துறை அண்ணா, உங்களிடம் பகலில் கூரையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் சொந்தமாகப் போடுங்கள். இல்லையென்றால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

காங்கேயத்துக்காரன்

நான் விவசாயி. மில் கணக்கு எனக்குத் தெரியாது, ஒப்பந்தம் என்றால் என்ன என்று தெரியும்.

இந்த மண்ணில் கரண்டுக்காக உயிர் கொடுத்திருக்கிறார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றினதை எதிர்த்துத்தான் 1970-இல் போராட்டம், பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு, மூன்று விவசாயிகள் போய்ச் சேர்ந்தார்கள். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையையே மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். அதெல்லாம் நடந்ததால்தான் பின்னாளில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. ஒரு பைசா ஏற்றத்துக்கு அரசாங்கத்தைக் கேள்வி கேட்க முடிந்தது. தனியார் ஒப்பந்தத்தில் "வருடம் 3 சதவீதம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 2012-இல் ஈமு கோழி விவகாரம் வெடித்தது பெருந்துறையில்தான். கொட்டகை உங்களுடையது, கோழி எங்களுடையது, மாதம் இவ்வளவு நிச்சயம் என்றார்கள். தோட்டத்தை அடமானம் வைத்தவர்கள் இன்றைக்கும் மீளவில்லை. சோலார் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. வருகிறவன் 20 வருடம் இருப்பானா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

---

ஈரோடு_கணக்கு

காங்கேயத்தார் கேட்டது சரியான கேள்விங்க. ஈமுவில் நம்ம ஆட்கள் டெபாசிட் கட்டினார்கள், அதுதான் மூழ்கியது. இதில் முதல் போடுவது அவர்கள். அதனால் "டெபாசிட் கொடுங்கள்", "முன்பணம் கொடுங்கள்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கம்பெனி திவாலானால் என்ன ஆகும் என்பது கற்பனை இல்லை. அமெரிக்காவில் வீட்டுக் கூரை சோலாரில் பெரிய பெயராக இருந்த சன்பவர் 2024 ஆகஸ்டிலும், சன்னோவா 2025 ஜூனிலும் திவால் மனு போட்டன. அப்படி ஆகும்போது பேனல் கூரையில் அப்படியே இருக்கும், ஒப்பந்தம் வேறு யாருக்காவது கைமாறும், சர்வீஸுக்குப் போன் அடித்தால் எடுக்க ஆள் இருக்காது. "ஒப்பந்தத்தை வேறு ஒருவருக்கு மாற்றினால் எங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், தொடர்ந்து இத்தனை நாள் சர்வீஸ் இல்லையென்றால் தேய்மானம் போக உள்ள விலையில் நாங்களே எடுத்துக்கொள்வோம்" என்று ஒரு ஷரத்து போட்டுக்கொள்ளுங்கள்.

---

பொள்ளாச்சி_தோப்பு

வீட்டுக்காரர்கள் பற்றி யாரும் பேசவில்லையே. நான் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விடும்போது, எத்தனை வெட்டு, மட்டை யாருக்கு, வாடல் நோய் வந்தால் யார் பொறுப்பு என்று எல்லாம் பேசித்தான் விடுவோம். கூரையைக் குத்தகைக்கு விடுவதற்கு மட்டும் ஏன் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. என் தங்கை வீட்டுக்கு இப்படி ஒரு கம்பெனி வந்தது. சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம்.

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500-க்குள் நின்றால் மானியத்தோடு கட்டணம் மிகவும் குறைவு. அப்படிப்பட்ட வீடு யூனிட் 5 ரூபாய்க்கு சோலார் வாடகை எடுத்தால் நஷ்டம்தான், ஏற்கெனவே அதைவிடக் குறைவாகத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 500-ஐத் தாண்டினால் கதை வேறு. 2022 உத்தரவின்படியே 500-க்கு மேல் 8 ரூபாய், 1000-க்கு மேல் 11 ரூபாய், அப்புறம் இன்னும் ஏறியாயிற்று. ஏசி இரண்டு மூன்று ஓடுகிற வீட்டுக்கு சோலார் இந்த மேல் படிகளை அப்படியே வெட்டி எடுத்துவிடும்.

ஆனால் அந்த வீடும் வாடகைக்கு எடுக்க வேண்டுமா? 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மீதிக்குப் பொதுத்துறை வங்கிகளில் அடமானம் இல்லாத கடன், திட்டம் வந்தபோது வட்டி சுமார் 7 சதவீதம். தவணை முடிந்ததும் பேனல் நம்முடையது. வாடகை முறைக்கும் அந்தத் திட்டத்தில் 2024 டிசம்பரில் வழி செய்திருக்கிறார்கள். அதில் போகிறவர்கள் மானியம் யார் கையில் சேருகிறது, அதனால் நம் மாதக் கட்டணம் எவ்வளவு குறைகிறது என்று கேட்டே ஆக வேண்டும். தங்கை வீட்டுக்கு வந்தவர்கள் அந்தக் கேள்விக்குக் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அதனால் வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

மொட்டை மாடியில் வெங்காய வடகம் காயப்போட இடம் இருக்குமா என்று அம்மா கேட்டார். அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி போய்விடும். 20 வருடம் அந்த இடத்தில் மேல்மாடி எழுப்ப முடியாது, பையனுக்குக் கல்யாணம் ஆகி மாடியில் வீடு கட்ட வேண்டும் என்றாலும் கம்பெனியைக் கேட்டுத்தான் கட்ட வேண்டும்.

---

சோமனூர்_தறி

தறிக்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லைங்க. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம், 2023-இல் 750-இலிருந்து உயர்த்தினார்கள். அதற்கு மேல் ஓடுகிற யூனிட்டுக்குத்தான் பணம். கூரையோ பழைய சிமெண்ட் ஷீட். ஆள் ஏறினாலே விரிசல் விடும், பேனல் எங்கே வைப்பது? கூரையை மாற்றித் தருகிறோம் என்று சொல்கிறவர்கள் அந்தச் செலவையும் யூனிட் விலையில் ஏற்றித்தான் தருகிறார்கள். கூலி ஒப்பந்தமே வருடக்கணக்கில் இழுபறியில் கிடக்கும் தொழிலில் 20 வருடம் இதே தறி ஓடும் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது?

---

பாய்லர்_வாத்தியார்

எல்லோரும் சோலாரையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பிராசஸிங் யூனிட்டில் பெரிய செலவு அங்கே இல்லை, பாய்லரில்தான் இருக்கிறது. நான் கரூர், ஈரோடு பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் பாய்லரோடு வாழ்ந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீராவியை டன் கணக்கில் வாங்குவது புதுசாகத் தெரியலாம், ஆனால் இந்த வியாபாரமே நீராவியில்தான் பிறந்தது. ஜேம்ஸ் வாட்டும் மேத்யூ போல்டனும் கார்ன்வால் சுரங்கங்களுக்கு இன்ஜின் கொடுத்தபோது, பழைய நியூகமன் இன்ஜினோடு ஒப்பிட்டு எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ அதில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டிலேயே சுரங்கக்காரர்கள் அந்தக் கணக்கை வைத்து அவர்களோடு சண்டை போட்டார்கள். எப்படி அளப்பது, எதோடு ஒப்பிடுவது என்பதுதான் சண்டை. இன்றைக்கும் அதேதான்.

உங்கள் யூனிட்டில் நீராவியை வாடகை முறைக்கு விடலாம் என்றே நான் சொல்வேன். ஏன் என்றால், சர்டிபிகேட் உள்ள பாய்லர் அட்டெண்டர் இன்றைக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ராத்திரி ஷிப்டுக்கு நிற்பதில்லை. வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷன், விறகு கொள்முதல், சாம்பல் அப்புறப்படுத்துவது எல்லாம் முதலாளி தலையில். ஈர விறகு வந்தால் வெப்பத்தில் ஒரு பங்கு அந்த ஈரத்தை விரட்டவே போய்விடும், எடை போட்டு வாங்கியதில் தண்ணீருக்கும் காசு கொடுத்திருப்பீர்கள். நீராவியை டன் கணக்கில் விற்கிறவனுக்கு ஈர விறகு அவன் நஷ்டம், அதனால் அவன் பார்த்து வாங்குவான். உங்கள் தொழில் சாயம், அவன் தொழில் நெருப்பு. அவரவர் தொழிலை அவரவர் பார்க்கட்டும்.

ஆனால் ஒப்பந்தத்தில் இதையெல்லாம் எழுதாமல் விடாதீர்கள்.

மீட்டர் எங்கே இருக்கிறது? பாய்லர் வாசலிலேயே மீட்டர் வைத்தால் அங்கிருந்து உங்கள் ஜிக்கர் (சாய மெஷின்) வரை வரும் குழாயில் வீணாகிற அத்தனையும் உங்கள் கணக்கு. மீட்டர் உங்கள் ஹெடருக்கு, அதாவது நீராவி பிரிந்து போகும் பெரிய குழாய்க்கு, பக்கத்தில் இருக்க வேண்டும், நடுவில் உள்ள குழாயின் இன்சுலேஷன் அவர்கள் பொறுப்பு.

நீராவி உலர்ந்ததா, ஈரமா? ஈர நீராவியில் கலந்து வருகிற தண்ணீருக்கும் டன் விலை கொடுக்கிறீர்கள், ஆனால் அந்தத் தண்ணீர் நீராவி அளவுக்குத் துணியைச் சூடாக்காது. உலர்வு இத்தனை சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அழுத்தம் இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்று இரண்டும் எண்ணாக எழுதப்பட வேண்டும். அழுத்தம் விழுந்து சாயம் பிசகினால் அந்த லாட்டை மறுபடி போடுகிற செலவு யாருடையது என்பதும் இருக்க வேண்டும். இதை எழுத மறுக்கிற கம்பெனி வேண்டவே வேண்டாம்.

கண்டன்சேட் யாருடையது? இதுதான் பலரும் கோட்டை விடுகிற இடம். நீராவி வேலை முடித்துத் திரும்புகிற சுடுநீரை நீங்கள் பாய்லருக்குத் திருப்பி அனுப்பினால், அவனுக்கு எரிபொருளும் மிச்சம், சுத்தம் பண்ணின தண்ணீரும் மிச்சம். அதற்கு டன் விலையில் கழிவு கேளுங்கள். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஒரு சொட்டுக் கழிவு வெளியே போகக் கூடாது என்ற நிலை வந்ததிலிருந்து தண்ணீரின் மதிப்பு நம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுடுநீரைச் சும்மா கொடுக்காதீர்கள்.

எரிபொருள் விலை ஏறினால் நீராவி விலையும் ஏறும் என்று ஒரு சூத்திரம் போட்டிருப்பார்கள். இறங்கினால் இறங்குமா என்று பாருங்கள்.

---

பெருந்துறை_பிராசஸிங்

வாத்தியார் ஐயா, கண்டன்சேட் விஷயம் அவர்கள் தாளில் ஒரு வரிகூட இல்லை. ரொம்ப நன்றிங்க.

அதில் "குறைந்தபட்ச எடுப்பு" என்று ஒன்று இருக்கிறது. மாதம் இத்தனை டன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பில் வருமாம். சோலார் ஒப்பந்தத்திலும் நாங்கள் மெயின் ஸ்விட்சை அணைத்து வைத்தால் அன்றைக்கு உற்பத்தி ஆகியிருக்கக்கூடிய யூனிட்டுக்குக் காசு. இது எல்லா ஒப்பந்தத்திலும் இருக்குமா?

---

ஈரோடு_கணக்கு

இருக்கும். முதல் போட்டவன் கடன் தவணை கட்ட வேண்டுமே. ஆனால் அளவு பேசலாம். தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போனால் இங்கே யூனிட் ஒரு வாரம் பத்து நாள் படுத்துக்கொள்ளும், பொங்கலுக்கும் அப்படியே. அதையெல்லாம் முன்கூட்டியே கழித்துத்தான் குறைந்தபட்ச அளவைப் போட வேண்டும்.

ஆர்டர் இல்லாத காலத்தையும் யோசியுங்கள். 2020 ஊரடங்கை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பனியன் ஆர்டர்கள் அப்படியே நின்றன, அதை நம்பியிருந்த சாயப்பட்டறையும் நின்றது. அந்த மாதிரி மாதங்களில் வேலை இல்லாமல் இருக்கும்போதே நீராவி பில் வரும். மாதக் கணக்கில் குறைந்தபட்சம் வைக்காமல் வருடக் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் விட்டதை அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளலாம். அரசு உத்தரவால் மூடப்பட்டால் கட்டணம் இல்லை என்பதும் தெளிவாக இருக்கட்டும்.

---

காற்றாடி_பல்லடம்

உங்கள் அப்பா கட்சி நான். ஆனால் அவர் காலத்துச் சொந்தக் காற்றாலை இன்றைக்கு அதே மாதிரி இல்லை. மே முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஓட்டி, அதை வருடம் முழுக்க வரவு வைத்து எடுத்துக்கொண்டோம். அந்த ஓராண்டு பேங்கிங் வசதி புதிதாக வருகிறவற்றுக்கு அப்படியே கிடைப்பதில்லை.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, குரூப் கேப்டிவ். 2005 மின்சார விதிகள் 3-ஆம் பிரிவு. பல மில்கள் சேர்ந்து ஒரு காற்றாலை அல்லது சோலார் கம்பெனியில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, அதன் மின்சாரத்தில் 51 சதவீதமாவது நாமே பயன்படுத்தினால் அது சொந்த உற்பத்தி. வெளியாரிடம் கரண்ட் வாங்கினால் ஈ.பி.க்குக் கட்ட வேண்டிய கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் கிடையாது. வெளியே பார்த்தால் இதுவும் மாதாமாதம் யூனிட்டுக்குக் காசு கட்டுகிற சந்தாதான், ஆனால் பெயரளவிலாவது பங்குதாரர். கூரையும் வேண்டியதில்லை.

எச்சரிக்கை ஒன்று. வருடக் கடைசியில் அந்த 26-ம் 51-ம் தேறவில்லை என்றால் வருடம் முழுமைக்கும் சர்சார்ஜ் வந்து விழும். அவரவர் பங்குக்கு ஏற்ற அளவில்தான் பயன்பாடும் இருக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கூட இருக்கிற ஒரு மில் படுத்தால் அந்தச் சுமை எல்லோருக்கும் வரலாம். அதனால் கம்பெனியை மட்டும் பார்க்காமல், கூட்டாளிகள் யார் என்றும் பார்த்துச் சேருங்கள்.

---

குறிச்சி_பவுண்டரி

கம்ப்ரசர் பற்றி நான் சொல்கிறேன். காற்றைக் கன மீட்டர் கணக்கில் வாங்கிப் பார்த்த யூனிட் எங்களுடையது.

ஒரு கம்ப்ரசரின் ஆயுள் முழுக்க ஆகும் செலவில் வாங்கும் விலை சின்னப் பங்கு, கரண்ட் செலவுதான் முக்கால்வாசிக்குப் பக்கம். அதனால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: கம்ப்ரசர் தின்கிற கரண்ட் யார் பில்லில்? உங்கள் ஈ.பி. இணைப்பிலிருந்து ஓடினால், அது எவ்வளவு தின்றாலும் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை. ஒரு கன மீட்டருக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் போனால் மேற்படி யூனிட்டுக்கு அவர்கள் பொறுப்பு என்று எழுத வேண்டும். எங்கள் பழைய ஒப்பந்தத்தில் அது இல்லை, நாங்கள் கேட்டும் சேர்க்க மாட்டேன் என்றார்கள். காலம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை.

அதற்கு முன்னால் லீக்கை அடையுங்கள். பராமரிப்பு இல்லாத யூனிட்டில் 20, 30 சதவீதக் காற்று குழாய் இணைப்புகளிலேயே போகும். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள், எவ்வளவு நேரம் லோடு ஏறுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அழுத்தத்தை ஒரு பார் குறைத்தால் கரண்ட் ஆறு ஏழு சதவீதம் குறையும். இந்த இரண்டையும் செய்யாமல் ஒப்பந்தம் போட்டால், ஓட்டைக் குழாயின் காற்றுக்கும் சேர்த்து வருடக்கணக்கில் சந்தா கட்டுவீர்கள்.

இன்னொரு விஷயம். ஐரோப்பா கார்பன் வரி போடுகிறது, பச்சை மின்சாரம் எடுக்காவிட்டால் ஏற்றுமதி நின்றுவிடும் என்று பயமுறுத்தி விற்கிறார்கள். அந்த வரி இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் இவற்றுக்குத்தான். பனியன் துணி அதில் இல்லை. உங்கள் பையர் தனியாகக் கேட்கலாம், அது வேறு. அப்படிக் கேட்டால், அந்தப் பச்சை மின்சாரத்தின் சான்று யார் பெயரில் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். சான்றைக் கம்பெனி வெளியே விற்றுவிட்டால் பையரிடம் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

---

சூரியகூரை

குறிச்சி அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இப்போது புதிதாகப் பேட்டரியையும் மாத வாடகைக்குக் கொண்டு வருகிறார்கள், பீக் அவரில் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. ராத்திரி 5 சதவீதத் தள்ளுபடியில் ஏற்றி, மாலை 25 சதவீதக் கூடுதல் நேரத்தில் இறக்கினால், ஏழு ரூபாய் யூனிட்டுக்கு 2.10 ரூபாய் வித்தியாசம். ஏற்றி இறக்குவதில் பத்து சதவீதத்துக்கு மேல் வீணாகும், அதைக் கழித்தால் ஒன்றரை ரூபாய்க்கும் கீழே. அதில் பேட்டரி வாடகையும் கட்ட வேண்டும். இப்போதைய நிலையில் அவசரப்பட வேண்டாம். நான் விற்கிற பொருளைப் பற்றியே சொல்கிறேன்.

---

பெருந்துறை_பிராசஸிங்

எல்லோருக்கும் நன்றிங்க. அப்பாவிடமும் படித்துக் காட்டினேன். பாய்லர் வாத்தியார் எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

இப்படித்தான் போகலாம் என்று இருக்கிறோம். சோலார் சொந்தமாக, ஆனால் கூரை முழுக்க இல்லை. பகல் லோடுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு, வங்கியில் தனிக் கடனாக. கழுவுவதற்கும் சர்வீஸுக்கும் மட்டும் வருட ஒப்பந்தம், ஆர்.ஓ. தண்ணீர் எங்களிடமே இருக்கிறது. நீராவியை வாடகைக்குப் பேசுகிறோம், ஐந்து வருடத்துக்கு மட்டும். மீட்டர் இடம், உலர்வு, கண்டன்சேட் கழிவு, வருடக் கணக்கில் குறைந்தபட்ச எடுப்பு இவை நான்கும் எழுத்தில் வந்தால்தான் கையெழுத்து. கம்ப்ரசரை இப்போதைக்குத் தொடவில்லை, முதலில் ஞாயிற்றுக்கிழமை லீக் சோதனை.

நீராவிக் கம்பெனி மூன்றுக்கு ஒத்துக்கொண்டது, கண்டன்சேட் கழிவுக்கு மட்டும் தலைமையிடம் கேட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள்.

---

பாய்லர்_வாத்தியார்

விடாதீர்கள் தம்பி. திரும்பப் போகிற குழாயில் உங்கள் செலவிலேயே ஒரு மீட்டரும் ஒரு வெப்பமானியும் போட்டு, ஒரு மாதக் கணக்கை எடுத்து அவர்கள் மேஜையில் வையுங்கள். எவ்வளவு சுடுநீர், எத்தனை டிகிரியில் போகிறது என்று எண்ணாகக் காட்டினால் மறுக்க முடியாது. ஒப்பந்தம் போட்ட பிறகும் மாதாமாதம் மீட்டர் ரீடிங் எடுக்கும்போது உங்கள் ஆள் ஒருவர் கூட நின்று அதே நோட்டில் கையெழுத்துப் போடட்டும். மீட்டரை வருடத்துக்கு ஒரு முறை வெளி ஆய்வகத்தில் சரிபார்க்கிற செலவு அவர்களுடையது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.